மாமனார் கல்லறையில் நான்கு பொட்டலங்கள்

இயேசு மரி சூசை துணை

காக்ஸ் டவுன், பெங்களூரு
5-11-2025, புதன்கிழமை

அத்திபெலே பஜாரில் பாலிதீன் கவர் மொத்த வியாபாரம் செய்துவருபவரும், என் மனைவி ஷோபாவின் உடன்பிறந்த தம்பியும், அந்த ஒரே காரணத்தால் எனக்கு மைத்துனருமான திரு. ரெமிஜியஸ் அவர்களுக்கு சில்வெஸ்டர் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் ஷோபாவும் மகள் அனுஷாவும் ஆண்டவர் அருளால் நலம். அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் கடையும், கடை வாசலில் கட்டிப்போட்டிருக்கும் நாயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். வேண்டுவது என் கடமை, கொடுப்பதும் கொடுக்காததும் மாதா இஷ்டம். 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாரே, மாமாவுக்குக் கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். ஒரு சாமானை உதவாது என்று ஒதுக்குவதற்கு முன்னால் அதை நன்றாகத் துடைத்து மேஜைமேல் வைப்பது என் வழக்கம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே என் நம்பரையும் அனுஷா நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். ஷோபா கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், ஆனால் "அக்கா, அந்த வீட்ல பச்சத் தண்ணிகூட குடிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். இந்த வீட்டுத் தண்ணீரை அவள் முப்பது வருடமாகக் குடித்து வருகிறாள், தண்ணீர் வராத நாட்களில் டேங்கர் தண்ணீரையும் குடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. ஆகவேதான் எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் அவளே இதைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பாள். அக்காவையும் பிளாக் செய்வீர்களா, பார்ப்போம்.

விஷயம் இதுதான். கல்லறைத் திருநாளன்று, உங்கள் தகப்பனாரும் என் மாமனாருமான உத்தரியநாதர் அவர்களின் கல்லறையிலிருந்து நீங்கள் தோண்டி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு போன நான்கு வலைப் பொட்டலங்களும் செய்வினை அல்ல. அவை அனுஷாவின் பி.எச்.டி. வருகிற வெள்ளிக்கிழமை செய்வினை எடுக்கிற ஆள் ஒருவரை வரவழைத்து அவற்றை எரிக்கப் போகிறீர்கள் என்று காதில் விழுந்தது. எரிக்கக் கூடாது. கழுவக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழியக் கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிடவும் கூடாது. அப்படியே ஷோபாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் அவை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் மகளின் நான்கு வருட உழைப்பு போச்சு.

முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவிலிருந்து நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அனுஷா பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுக்காமல், செடி கொடி மரத்திலிருந்து பிளாஸ்டிக் செய்வது. அவள் எடுத்துக்கொண்டது பலாக்கொட்டை. கொட்டையை அரைத்து, மாவை வடித்து, கிளிசரின் சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடித் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் தாள் மாதிரி உரிந்து வரும். சொல்லும்போது கூழ்வடாம் போலத்தான் இருக்கிறது, ஆனால் பதம் வருவதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. ஒன்று காய்ந்ததும் நொறுங்கியது, ஒன்று பூசணம் பிடித்தது, ஒன்றை எறும்பு தின்றுவிட்டது. கொட்டை வாங்கப் பல்கலைக்கழகத்தில் அனுமதி வருவதற்குள் பலாப்பழ சீஸனே முடிந்துவிடும் என்பதால் கொட்டை நம் வீட்டிலிருந்துதான் போயிற்று. கொட்டை வேண்டுமென்றால் சுளையை யாராவது தின்றாக வேண்டும் அல்லவா? இரண்டு சீஸன் நானும் ஷோபாவும் தின்றோம். காலையில் சுளை, மத்தியானம் பலாக்காய்ப் பொரியல், மாலையில் சுளை. என் வயிறு விஞ்ஞானத்துக்குச் செய்த சேவையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. நீங்களோ உங்கள் பேரன் ஞானஸ்நான விருந்தில் இருநூறு பேர் நடுவில் என்ன சொன்னீர்கள்? "பலாக்கொட்டைல கவரா? கொழம்புல போட்டா நல்லாருக்குமே மாமா!" சொன்னதோடு விட்டீர்களா, அவள் காட்டுவதற்குக் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு கவரைப் பிடுங்கி, "சூடா எதுவும் ஊத்தாதீங்க மாமா" என்று குழந்தை கத்தக் கத்த, அண்டாவிலிருந்து கொதிக்கிற ரசத்தை மொண்டு ஊற்றி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தீர்கள். போட்டிருந்ததோ வெள்ளை பேண்ட். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் சிரித்த பிறகுதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு இந்தப் பழி என்பது எனக்குத் தெரியாதா?

சரி. பிளாஸ்டிக் செய்துவிட்டால் போதாதாம். அது மண்ணோடு மண்ணாகப் போகிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எடை போட்டு, மெல்லிய வலைப் பைகளில் கட்டி, நூற்றெண்பது நாள் மண்ணில் புதைக்க வேண்டும். நடுநடுவே சிலதை எடுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் பெயர் எழுதி வைத்தால் அதுவும் கரைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு பைக்கும் ஓர் அலுமினியத் தகடு. வெறும் எண்கள் கீறிய தகடு. முதல் தடவை அவள் துறைக்குப் பின்னால் ஒரு பாத்தியில் புதைத்தாள். ஐம்பதாம் நாள் அங்கே ஸ்கூட்டர் நிறுத்துவதற்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி இன்றைக்கும் ஸ்கூட்டர்களுக்கு அடியில்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை நம் வீட்டு மொட்டைமாடிப் பூந்தொட்டிகளில் பன்னிரண்டு பைகளைப் புதைத்தாள்.

உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் கவரைக் கழுவிச் சுவர் டைல்ஸில் ஒட்டிக் காயவைப்பவள். நம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கவர் தொங்குகிறது, அதற்குள் முந்நூறு கவர், எல்லாம் உங்கள் கடை முத்திரை போட்டவை. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் ரோஜாத் தொட்டியில் ஒரு வெள்ளை நுனியைப் பார்த்திருக்கிறாள். "நல்ல கவரு, மண்ணுல கெடக்கு" என்று இழுத்திருக்கிறாள். அடுத்த தொட்டியிலும் ஒன்று. பன்னிரண்டையும் தோண்டி எடுத்து, வலையைப் பிரித்து, துணி சோப்பு போட்டுத் தேய்த்து, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். அது அனுஷாவினுடையது என்று தெரியாதா என்று கேட்டேன். "தெரியும். அவ மறந்துட்டான்னு நெனச்சேன்" என்றாள். சாயங்காலம் அனுஷா மாடிக்கு வந்தபோது அவள் ஆராய்ச்சி என் லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "எண்பத்தாறு நாள் மண்ணுல இருந்திருக்கு. இப்ப எட போட்டா கூடியிருக்கும்மா, சோப்பு ஏறியிருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் கத்தியிருக்கலாம்.

அப்போதுதான் நான் தலையிட்டேன். தலையிட்டது என் தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். பெங்களூரில் ஆறு மாதத்துக்கு யாரும் தோண்டாத மண் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்! நம் தெருவை ஒரே வருடத்தில் நான்கு தடவை தோண்டினார்கள். தண்ணீருக்கென்று தோண்டி மூடினார்கள். சாக்கடைக்கென்று தோண்டி மூடினார்கள். கேபிளுக்கென்று தோண்டிப் பாதி மூடினார்கள். நான்காவது எதற்கு என்று குழிக்குள் நின்றவரிடமே கேட்டேன், "மூணாவதா தோண்டினவங்க எதையோ உள்ள விட்டுட்டாங்களாம் சார்" என்றார். பூங்காவில் நாய், காலி மனையில் அடுக்குமாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. இதைவிட நிம்மதியான மண் இந்த ஊரில் ஏது? அதுவும் சுற்றியிருக்கிற கல்லறைகளெல்லாம் கிரானைட் போட்டுப் பளபளவென்று இருக்க, மாமனாருடையது மட்டும் இன்னும் வெறும் மண். ஏன் வெறும் மண்? ஐந்து வருடத்துக்கு முன்னால், அடக்கப் பூசை முடிந்த கையோடு, "அப்பாவுக்குக் கறுப்பு கிரானைட் நான்தான் போடுவேன், வேற யாரும் கை வெக்கக் கூடாது" என்று மார்தட்டினவர் யார்? நீர்தானே! நீர் சொன்னபடி கிரானைட் போட்டிருந்தால் அங்கே பொட்டலமும் புதைந்திருக்காது, இந்தக் கடிதமும் பிறந்திருக்காது. இதை நன்றாக யோசித்துப் பாரும்.

ஒன்றையும் நான் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நாராயணசாமியிடம் முறையாகக் கேட்டேன்.

"பொணத்தத் தவிர வேற எதுவும் பொதைக்கக் கூடாது சார். ரூல்ஸ்."

"பலாக்கொட்டைதான்ப்பா. ஆராய்ச்சிக்கு."

"கொட்டையா? மொளச்சா வேரு உள்ள போயிடுமே சார்?"

"முளைக்காது."

"மொளைக்காத கொட்டைய எதுக்கு சார் பொதைக்கிறீங்க?"

பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து அனுஷாவைக் கேள்வி கேட்டார்களே, அதில் ஒருவர்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரியவர் தலமாட்டுல பேடா சார், வேணாம். கால்மாட்டுல வெச்சுக்குங்க" என்றார். அப்படியே செய்தோம். மே மாதம் இருபதாம் தேதி நாங்கள் மூவரும் போய், ஜெபம் சொல்லி, மாமனாரிடம் உத்தரவு கேட்டு, கால்மாட்டில் பன்னிரண்டு பைகளைப் புதைத்தோம். "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க, நான் அப்பாகிட்ட ஒரு ஜெபம் பண்ணிட்டு வர்றேன்" என்று ஷோபா கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வந்தாள். அவ்வளவு பக்தியோடு நடந்த காரியம் இது. அறுபதாம் நாள் அனுஷா நான்கை எடுத்தாள். நூற்றிருபதாம் நாள் நான்கை எடுத்தாள். எடை அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. அவளுடைய கைடு முதல் தடவையாகச் சிரித்தாராம். மீதி நான்கையும் நவம்பர் பதினாறாம் தேதி எடுக்க வேண்டும். பன்னிரண்டில் எட்டு போனால் நான்கு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்.

நீர் வந்தது நவம்பர் இரண்டாம் தேதி. ஐந்து வருடமாக ஒரு மாலையோடு வந்து, ஒரு மெழுகுவர்த்தியோடு போகிற ஆள், இந்த வருடம் பார்த்தா பாசம் பொங்க வேண்டும்? செண்டுப்பூச் செடி நடுகிறேன் என்று மண்வெட்டியோடு வந்தீர். நான் அப்போது வாசலில் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தேன். "அய்யோ! அப்பா மேலயே வெச்சுட்டாங்களே!" என்று உம்முடைய குரல் கேட்டது. அத்திபெலேயில் நின்று கத்தினாலும் காக்ஸ் டவுனுக்குக் கேட்கிற குரல் அது. ஓடி வந்து பார்க்கிறேன், பங்குக் கோயில் ஜனங்களில் பாதிப் பேர் அவரவர் மெழுகுவர்த்தியை அப்படியப்படியே விட்டுவிட்டு உம்மைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். வெள்ளை வலை, கறுப்பு நூல் முடிச்சு, எண் கீறிய தகடு, எல்லாம் துண்டில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. தகட்டில் நூற்றெண்பது என்று இருக்கிறதாம், உம்முடைய கடைக் கதவு எண்ணும் நூற்றெண்பதாம். அடேயப்பா! அது நாள் கணக்கு, ஐயா! உம்முடைய கடை அறுபதாம் எண்ணாக இருந்திருந்தால் ஜூலை மாதமே உமக்குச் செய்வினை வைத்திருப்போம் போலிருக்கிறது.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சாமியார் தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து நம் பக்கம் வந்தார். "தெளிங்க ஃபாதர், நல்லா தெளிங்க!" என்று துண்டை விரித்து நீட்டினீர். அந்த நேரம் பார்த்தா அனுஷா ஓடி வர வேண்டும்? கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "வேணாம் ஃபாதர்! அதுமேல தண்ணி படவே கூடாது!" என்று அலறினாள். எடைக்குப் பயந்து சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியுமா? தீர்த்தம் பட்டால் ஆகாதாம் என்று மொத்தக் கூட்டமும் மூன்றடி பின்னால் நகர்ந்தது. கிழவி இன்னும் இரண்டடி கூடவே நகர்ந்தாள். சாமியார் துண்டில் இருந்ததைப் பார்த்தார். ஷோபாவைப் பார்த்தார். செம்பை மூடிக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். படித்தவர், விஞ்ஞானம் புரிந்தவர், அதனால்தான் தெளிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு இருக்கிற அறிவு உமக்கு இருந்திருந்தால் நீரும் மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பீர். நீரோ பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்று கல்லறை முழுவதையும் கொத்தியிருக்கிறீர்.

அன்று சாயங்காலம் குடும்பக் குழுவில் நீர் போட்ட குரல் பதிவை நான்கு தடவை கேட்டேன். "ஜூன் மாசத்திலிருந்து என் கட படுத்துப்போச்சு. ஏன்னு இப்பதான் தெரியுது. எங்கப்பா சமாதியிலயே அஞ்சு எடத்துல வெச்சிருக்கான். தலமாட்டுல செப்புத் தகடு! என் சொந்தக் கையால எடுத்தேன்." வைத்திருக்கான்! 'ன்'! மரியாதையைப் பாருங்கள். சரி, இனி எனக்கும் அந்தப் பாரம் இல்லை. டேய் ரெமிஜியஸ், உன் கடை படுத்ததற்குக் காரணம் மெல்லிசுக் கவருக்கு அரசாங்கம் தடை போட்டது, அதைக் கேட்டுவிட்டும் நீ ஒரு கோடவுன் முழுக்க மெல்லிசுக் கவரையே அடுக்கி வைத்தது. இதற்கு என் தகடு எதற்கு? அடுத்து, ஐந்து இடம் என்கிறாய். பன்னிரண்டில் எட்டு போனால் நான்கு என்று மேலே எழுதியிருக்கிறேன். நான்குக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் மொத்த வியாபாரம்! தலைமாடு என்கிறாய். நாங்கள் தலைமாட்டுப் பக்கம் காலெடுத்தே வைக்கவில்லை, நாராயணசாமி சாட்சி. செப்பு என்கிறாய். அலுமினியத்துக்கும் செம்புக்கும் ஒரு குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். நான் முப்பத்து நான்கு வருடம் செம்புக் கம்பியைக் கையால் தொட்டுப் பார்த்தே தரம் சொன்னவன். என்னிடமா?

இன்னொன்று. நான் பழிவாங்குகிற குணமுள்ளவனாம், கோபக்காரனாம், உன் பதிவில் இருக்கிறது. ஒரு காலத்தில் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசுவேன், மறுக்கவில்லை. உன் அப்பா ஒருவர் முன்னால்தான் என் குரல் உயர்ந்ததே இல்லை. அவர் "மாப்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் உட்கார்ந்துவிடுவேன். அவர் போன பிறகு என்னை உட்கார வைக்க ஆள் இல்லாமல் போனது உண்மை. ஆனால் இந்த மே மாதத்திலிருந்து நான் எப்படி இருந்தேன் என்று யாரை வேண்டுமானாலும் கேள். எதிர்வீட்டுக்காரர் நம் கேட்டை அடைத்துக் காரை நிறுத்தினார். நான் வெளியே வந்து, வெயிலில் நிற்கிறதே, மேலே போட ஒரு பழைய பெட்ஷீட் தரட்டுமா என்று கேட்டேன். அவர் பயந்துபோய்க் காரை எடுத்துவிட்டார். தெருவை நான்காவது தடவை தோண்டியவர்களுக்கு மோர் கொடுத்தேன். டாக்டரம்மா என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, தியானம் ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். இப்பேர்ப்பட்ட மனுஷன் செய்வினை வைப்பானா? எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். நீ அந்தக் கல்லறையில் கை வைத்த நேரம், மூன்று நாளாகப் பால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், வங்கியிலிருந்து போனில் பேசிய பெண்பிள்ளை, ஒருவர் பாக்கியில்லாமல் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். நேற்று மாத்திரை மறுபடி முழுசாகிவிட்டது. இதற்கு நீதான் காரணம். எழுதித் தருகிறேன், நீதான் காரணம்.

பங்குப் பேரவையில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாராயணசாமியையும் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன், உண்மையைச் சொல்லிக் காப்பாற்றுவார் என்று நம்பினேன். அவர் எழுந்து நின்று, "நான் அன்னிக்கே கேட்டேன் சார், மொளைக்காத கொட்டைய எதுக்குப் பொதைக்கிறீங்கன்னு. அவரு பதிலே சொல்லல" என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை, அதுதான் கஷ்டம். இன்றைக்குக் காலைப் பூசையில் எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு, பின்னால் இரண்டு பெஞ்சு காலி. சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில் கை கொடுக்க ஆளில்லாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டேன்.

என் மானம் போனது போகட்டும். குழந்தையைச் சொல்கிறேன். நீ தோண்டியது நூற்றறுபத்தாறாம் நாள். பதினான்கு நாள் குறைந்தாலும் பரவாயில்லை, மண்ணோடு அப்படியே சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் நூற்றறுபத்தாறாம் நாள் என்றே எழுதி ஒப்புக்கொள்கிறேன் என்று கைடு சொல்லிவிட்டார். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு நாளில்லை. டிசம்பரோடு அவளுக்குக் கொடுத்த காலம் முடிகிறது. அவள் அழுதால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை. நான்காவது தடவையாக எங்கே புதைக்கலாம் என்று போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பெங்களூரைத் தடவித் தடவித் தேடுகிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நீ வேறு, அவள் ஏதோ உன் வியாபாரத்தைக் கெடுக்கப் பிறந்தவள் மாதிரி பேசுகிறாய். உன் கடைக் கவரும் அவள் கவரும் எப்படி வித்தியாசப்படுகின்றன என்று பார்க்க அவளுக்கு இருபது கவர் கொடுத்தாயே, ஞாபகமிருக்கிறதா? அவள் தீஸிஸில் நன்றி சொல்லுகிற பக்கத்தில், கைடுக்கு அடுத்தபடி, அம்மா அப்பாவுக்கும் முன்னால், "என் மாமா ரெமிஜியஸ்" என்று இருக்கிறது. பார்த்தபோது எனக்கே வயிற்றெரிச்சல். இரண்டு சீஸன் பலாப்பழம் தின்றவன் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவள் அந்த வரியை எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொன்னேன். "மாமா கவர் குடுத்தது உண்மைதானப்பா" என்கிறாள்.

ஆகையால் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நான்கு பொட்டலங்களையும் மண்ணோடு ஷோபாவிடம் ஒப்படைக்கவும். குடும்பக் குழுவில் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவு போடவும், மரியாதையாக 'ர்' விகுதியோடு. உன் அப்பாவுக்குக் கிரானைட் போடு, அல்லது போட வக்கில்லை என்று ஒப்புக்கொள். இம்மூன்றும் நடக்கும்வரை உன் வீட்டு வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன், கிறிஸ்துமஸ் கேக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் ரம் ஊற்றினதை அனுப்ப வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். பேரனுக்கு என் சார்பில் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கவும், அவன் உன்னைப் போல வராமலிருக்கட்டும். பரிசுத்த மாதா உனக்கு நல்ல புத்தியையும், உன் கோடவுனுக்கு நல்ல கிராக்கியையும் தருவாளாக.

இப்படிக்கு,
கோபமே இல்லாத,
உன் அக்காள் புருஷன்
சில்வெஸ்டர்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, என் வழக்கப்படி ஷோபாவுக்கு முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமாடு, செப்பு என்று நான் உன்னைக் கிழித்திருக்கும் இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தம்பி சொல்றது சரிதாங்க. அஞ்சுதான். செப்புதான். தலமாட்டுல வெச்சது நான்."

எதற்கு என்று கேட்டேன். "உங்க கோவம் கொறையறதுக்கு" என்றாள். மே மாதம் ஜெபம் பண்ணப் பின்தங்கினாளே, அப்போது வைத்தாளாம். தகட்டில் மந்திரம் எழுதிக் கொடுத்தவர் உங்கள் அத்திபெலே ஆள்தான், நீ வெள்ளிக்கிழமை வரவழைக்கிறாயே, அவரேதான். விலாசம் கொடுத்தது நீதானாம், யாருக்கென்று மட்டும் அவள் உன்னிடம் சொல்லவில்லையாம். வைத்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டாளாம். சாமியார் அன்றைக்கு ஏன் செம்பை மூடிக்கொண்டு போனார் என்று இப்போது புரிகிறது. வைப்பதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, பெற்ற அப்பா தலைமாடுதானா என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கப்பா ஒருத்தர் பேச்சத்தான நீங்க கேப்பீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கத்த வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவரைக்காயில் பாதியை நான் நறுக்கினேன்.

மறுபடி எழுதப் பேப்பர் இல்லை. அதனால் மேலே 'டேய்' என்றிருக்கும் இடத்தை அடித்துவிட்டதாக எண்ணிப் படித்துக்கொள், மச்சான். நான்கு பொட்டலங்களையும் ஷோபாவிடம் கொடுத்துவிடு, அது குழந்தையுடையது. அந்த ஆளை வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு, அவர் கைவேலையை அவரே எடுக்கக் காசு கொடுக்க வேண்டாம். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது, அது உனக்கே தெரியும். இருந்தாலும் அந்த ஐந்தாவதை, யார் கண்ணிலும் படாமல், மாமனார் தலைமாட்டில் பழையபடி வைத்துவிடு. ஒன்றரை அடி ஆழம் என்கிறாள் ஷோபா. வைத்த கையோடு மேலே உன் கறுப்பு கிரானைட்டையும் போட்டுவிடு. இனிமேல் அங்கே யாரும் தோண்டக் கூடாது.